மூன்று நாள் இருந்த கல்

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் எந்த நகைக்கடைக்குள் நுழைந்தாலும் என் கண் நேரே வைரத் தட்டுக்குத்தான் போகும். எனக்கு வேண்டிய கல் அங்கே இருக்காது என்று தெரியும். இருபது வருஷமாகத் தெரியும். இருந்தாலும் பார்ப்பேன்.

அது ஒரு மூக்குத்திக் கல். அப்போது நான் தியாகதுருகத்தில் அறிவியல் டீச்சர். எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுதான் வாங்குவது என்று கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தினேன். அவரும் சளைக்கவில்லை. வெள்ளைத் தாளை மடித்து, அதில் கல்லைக் கவிழ்த்து, பக்கவாட்டில் மஞ்சள் தட்டுகிறதா பார்க்கச் சொன்னார். கடை விளக்கில் எதுவும் மின்னும் என்று வாசல் வெளிச்சத்துக்கு அழைத்துப் போனார். நான் பெரிய கல்லாகப் பார்த்துக் கை நீட்டினேன்.

"பெருசுன்னு பாக்காதீங்க டீச்சர். பட்டை சரியில்லன்னா உள்ள போற வெளிச்சம் அடியிலயே பூடும். சின்னதா இருந்தாலும் கட்டிங் நல்லா இருக்கணும்."

அப்படி எடுத்துக் கொடுத்த சின்னக் கல்தான் அது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கீறல், கற்கண்டுக்குள் தெரிவதுபோல.

"அது கல்லோட பொறந்தது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. கறுப்புப் புள்ளிதான் ஆவாது" என்றார்.

எனக்கு அந்தக் கீறல் பிடித்துப்போயிற்று. ஆயிரம் கல்லுக்கு நடுவிலும் என்னுடையதை நான் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா?

பணத்தை எடுத்தேன். அவர் வாங்கவில்லை. "வைரம் சில வூட்டுக்கு ஆவாது. மூணு நாள் வெச்சிப் பாருங்க. ஒத்துக்கினா பணம் குடுங்க."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "வைரம்ங்கிறது கரிங்க. கரிக்கு இன்னா தெரியும், எங்க வூட்டப் பத்தி?"

அவர் சிரித்துக்கொண்டே காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

முதல் நாள் மூக்கில் துளி வாசலைன் தடவி, கல்லை ஒட்டவைத்துக் கண்ணாடி முன் நின்றேன். தலையைத் திருப்பும்போதெல்லாம் சின்னதாக ஒரு மின்னல் வெட்டியது. நான் அவ்வளவு அழகாக இருந்தது அன்றைக்குத்தான். இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

மறுநாள் ஞாயிறு. கல்லை வீட்டில் பூட்டிவிட்டுக் கரியாலூர்ப் பக்கம் அருவிக்குப் போனோம். நாலு வயது மகள் தண்ணீரைவிட்டு வரவே மாட்டேன் என்றாள். மலையிறங்கும்போதே அவளுக்கு உடம்பு கொதித்தது. திங்கட்கிழமை காலையிலும் காய்ச்சல் இறங்கவில்லை.

"தண்ணில அந்த ஆட்டம் போட்டா ஜொரம் வராம இன்னா வரும்?" என்றார் வீட்டுக்காரர். மாமியார் கஷாயம் வைத்தார். கல்லைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சண்டை போட்டாவது அதை வைத்துக்கொண்டிருப்பேன். யாரும் சொல்லாததால், என் மனசு சொன்னதுதான் எனக்குக் கேட்டது. குழந்தையை மாமியார் மடியில் போட்டுவிட்டு பஸ் ஏறி, கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். கடைக்காரர் காகிதத்தைப் பிரித்துக் கல்லைத் தட்டில் வைத்தார்.

இரண்டு நாளில் மகள் தெருவில் ஓடி விளையாடினாள். நான் கடைக்கு ஓடினேன். கல் விற்றுப்போயிருந்தது.

அதன்பிறகு பஸ்ஸில், கல்யாண வீட்டில், எத்தனை பெண்களின் மூக்கை உற்றுப் பார்த்திருப்பேன்! முறைக்கிறேன் என்று நினைத்தவர்களும் உண்டு. கீறல் வெறுங்கண்ணுக்குத் தெரியாது என்பதை என் கண் மட்டும் ஒப்புக்கொள்வதில்லை.

போன மாதம் மகள் தன் சம்பளத்தில் எனக்கு மூக்குத்தி வாங்க அதே கடைக்கு அழைத்துப் போனாள். சர்டிஃபிகேட்டோடு கல் வந்தது. லென்ஸில் திருப்பித் திருப்பித் தேடினேன்.

"சுத்தமா இருக்குது" என்றேன். குறையாகத்தான் சொன்னேன்.

"மூணு நாள் வெச்சிப் பாக்கலாமாம்மா?"

"வேணாம். இப்பவே போட்டு வுடு."

அவள் திருகாணியைத் திருகிக்கொண்டே கேட்டாள். "முன்ன ஒண்ணு எடுத்தாந்து திருப்பிக் குடுத்துட்டியாமே, அப்பா சொன்னாரு. ஏம்மா?"

அவளுடைய விரல்கள் என் கன்னத்தில் சூடாக இருந்தன.

"அதுல கறுப்புப் புள்ளி இருந்துது" என்றேன்.

"நல்ல வேள, குடுத்துட்ட" என்றாள்.