தண்ணீர் ஓடும் பிளாக்

இழுவைப் போட்டியில் எங்கள் டிராக்டரின் எஞ்சின் பிளாக் விரிசல் விட்டதிலிருந்து எனக்கு அலுப்பாகவே இருக்கிறது. டிராக்டர் எனக்கும் தம்பிக்கும் பொது. எங்கள் ஊர் கான்சாபுரத்தில் அது உழப்போனால்தான் இரண்டு வீட்டிலும் உலை கொதிக்கும். பஞ்சாப்காரர்கள் டிராக்டரைப் பாரம் இழுக்க விடும் வீடியோக்களைச் செல்போனில் பார்த்துப் பார்த்து, ராஜபாளையம் பக்கம் நடந்த போட்டிக்கு ஓட்டிப் போனான் தம்பி. பாரம் நகரவில்லை. எஞ்சின்தான் வாயைப் பிளந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பட்டறை. வேறு பிளாக் கிடைத்துவிட்டது. அதை எப்படிப் பூட்டுவது என்பதில்தான் சண்டை. மெக்கானிக் பாய் பிளாக்கின் ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டினார். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடி, சூட்டைத் தணிக்கும் இடம் அது. அதில் கலவையை ஊற்றி இறுகவிட்டால் டிரை பிளாக். எந்த இழுவைக்கும் அசையாது.

"டிரைதான் பாய்," என்றான் தம்பி.

"பொறவு உழவுக்குப் போகுமா?" என்று பாயிடம் கேட்டேன்.

"செத்த நேரம் ஓடும்மா. மேக்கொண்டு ஓட்டுனா சூடேறி நின்னுரும். ஊத்துனத எடுக்கவும் முடியாது."

"அப்ப தண்ணியே ஓடட்டும்."

"அக்கா, ஒரே ஒரு தடவ செயிச்சுக் காட்டுதேன்க்கா."

"செயிச்ச கப்புல சோறு வடிக்க முடியுமாலே?"

பட்டறையே சிரித்துவிட்டது. தம்பி சிரிக்கவில்லை. "இனி ஒன் வீட்டுப் பச்சத்தண்ணி என் பல்லுல படாது" என்று சொல்லி பஸ் ஏறிவிட்டான். கோபத்தில் எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வதுதான். அடுத்த நல்லநாளுக்குள் மறந்துவிடுவார்கள். இவன் மறக்கவில்லை.

தண்ணீர் ஓடும்படியே பூட்டி வந்த டிராக்டர் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. காலையில் வருகிறான். என் குழாயில் குடம் பிடித்து ரேடியேட்டரை நிறைக்கிறான். உழுது முடித்து, வாய் உலர்ந்து வந்து, வண்டியை விட்டுவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போகிறான். நான் சொன்னது சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் அவன் உதடு வெடித்துக் கிடப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. எம்புட்டு நாளைக்குத்தான் இந்த வீம்பைச் சுமப்பது?

நேற்று நல்ல வெயில். இன்னொரு வயலுக்குக் கிளம்புவதற்காக, சூடு ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்திருந்தான். செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன்.

"குடிலே."

வாங்கினான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. செம்பை அப்படியே ரேடியேட்டருக்குள் கவிழ்த்துவிட்டு, வெறும் செம்பை என் கையில் கொடுத்தான்.