இரண்டு சுடலைமுத்துகள்

போன வாரம் என் மகள் எனக்கு பைத்தான் சொல்லிக்கொடுத்தாள். இந்த வயதில் கம்ப்யூட்டர் மொழி தேவையா என்று கேட்காதீர்கள். வீட்டிலும் அதையேதான் கேட்கிறார்கள்!

எங்கள் குடியிருப்புச் சங்கப் பட்டியலில் சில பெயர்கள் இரண்டு தடவை வந்திருந்தன. அவற்றைப் பிடிக்க நாலைந்து வரி புரோகிராம் போதுமாம். ஒவ்வொரு பெயராக எடு. முன்பே பார்த்த பெயரா? தனியே எடுத்து வை. அவ்வளவுதான்... கண்ணிமைப்பதற்குள் ஒன்பது பெயர்கள் திரையில் வந்து நின்றன.

“இன்னும் ஒரு வரி எழுதினா எல்லாத்தையும் டெலிட் பண்ணிடலாம்ப்பா.”

“வேண்டாம்!” என்று கத்திவிட்டேன். பாவம், பயந்துபோனாள். அவளுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளில் மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிளார்க்காகச் சேர்ந்தேன். முழுசாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. தொழிலாளர்களுக்குப் புதிதாகக் கட்டிய லைன் வீடுகள் யார் யாருக்கு என்ற பட்டியலைச் சரிபார்த்து ஹெட் ஆபீசுக்கு அனுப்பச் சொன்னார்கள். ஸ்கேலை வைத்து வரி வரியாக இறக்கிக்கொண்டே வந்தேன். எம்.சுடலைமுத்து. பத்து வரி தள்ளி மறுபடியும் எம்.சுடலைமுத்து! ஒரே டிவிஷன், இப்போது குடியிருக்கும் வீட்டு நம்பரும் ஒன்றே. நான் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன்... ஒன்றை அடித்துவிட்டு, பட்டியலைத் தபால் பையில் போட்டு ஜீப்பில் ஏற்றிவிட்டேன்.

ஜீப் கிளம்பிய கொஞ்ச நேரத்தில், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் சுடலைமுத்து ஆபீஸ் வாசலுக்கு வந்தார்.

“லிஸ்ட்டுல பேரு வந்திட்டாய்யா?”

“வந்தாச்சு. ரெண்டு தடவை இருந்தது, ஒண்ணை அடிச்சிட்டேன்” என்றேன் பெருமையாக.

மனிதர் முகம் செத்துப்போனது.

“அடிச்சிட்டியளா? ஐயா, அது எங்க சித்தப்பா மவன்! எங்கப்பா மாடசாமி, சித்தப்பா மாரியப்பன். ரெண்டு பேருமே மூத்த பிள்ளைக்குத் தாத்தா பேரத்தான வச்சாவ? தம்பி பொண்டாட்டிக்கு இது நெறமாசம்யா. ஒத்த ரூமுல ஒம்பது பேரு கெடக்கோம்... அவ எங்க போயி பெறுவா?”

தாத்தா பெயர் வைக்காத வீடு நம் ஜனங்களிடம் எங்கே இருக்கிறது? எனக்கே என் தாத்தா பெயர்தான்! அது ஏன் அப்போது மண்டையில் உறைக்கவில்லை? திரும்ப வரும் பெயரைப் பிடிப்பது சுலபம். அடிப்பதற்கு முன் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும். நாங்கள் தேயிலைக்கு நடுவே நேராக இறங்கி ஓடினோம். வேட்டி கிழிந்தது, செருப்பு ஒன்று போயே போய்விட்டது. கீழ் வளைவில் ஜீப் தலை தெரிந்ததும் இருவரும் நடுரோட்டில் நின்று கையை ஆட்டினோம்.

“எந்தா சாரே, ஆனையா?” என்றார் மலையாளி டிரைவர்.

பையைப் பிரித்து, பானெட் மேல் பட்டியலை விரித்து, அடித்த பெயரை மறுபடி எழுதினேன். இந்தத் தடவை இருவருக்கும் அப்பா பெயரை முழுசாக! அப்பாடா... அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த நிம்மதி இன்றைக்கு நினைத்தாலும் இனிக்கிறது.

சுடலைமுத்துக்கு எழுத்து தெரியாது. வாசித்துக் காட்டச் சொன்னார். இரண்டு பெயரையும் வாசித்தேன்.

“தம்பி பேர மட்டும் இன்னொருக்கா வாசிங்கய்யா” என்றார்.