எண்ணெய் ஊற்றக் கூடாத கல்

கல்லில் ஊறிப்போன விளக்கெண்ணெய் வெயிலில் காயும்போது ஒரு வாடை வரும்; கோயில் வாடையும் இல்லை, அடுப்படி வாடையும் இல்லை, ஒரு மக்கல் வாடை. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த அந்தக் காலத்தில், பெங்களூருக்குக் கிழக்கே, வைட்ஃபீல்டையும் தாண்டி, கேழ்வரகுக் கொல்லைகளுக்கு நடுவில் இருந்த ஓர் ஏரிக்கரையில் என் அப்பா தினமும் அந்த வாடையோடுதான் மல்லுக்கட்டினார்.

கரைக்குக் கீழே சாமி இல்லாத ஒரு கருங்கல் மண்டபம் இருந்தது. அதற்கு எதிரே புங்கமரத்தடியில் ஆளுயர நடுகல் ஒன்று, வாளை ஓங்கிய வீரனும் அவன் காலடியில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்துமாக நின்றது. ஊரார் அதை "வீரகல்லு" என்பார்கள்; கொள்ளைபோன மாடுகளை மீட்கப்போய்ச் செத்தவனுக்கு நட்டதாம். சர்க்கார் அங்கே ஒரு நீலப் போர்டை நட்டு, இது பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்தினால் தண்டனை என்று எழுதிவைத்து, வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்த அப்பாவுக்கு ஒரு காக்கிச் சட்டையும் ஓட்டு வீடும் கொடுத்து "வாட்ச்மேன்" ஆக்கியிருந்தது. "கல்லு இன்னா கால் மொளச்சி ஓடிடப் போதா? அதுக்கு ஒரு காவலு!" என்று அம்மா சிரிப்பாள். அப்போதெல்லாம் அவள் சிரிப்பாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். குழந்தை பால் குடிக்காமல் சவலை பாய்ந்துபோனால், தாய்க்காரி விளக்கெண்ணெய் கொண்டுவந்து வீரன் தலையில் ஊற்றி, காலடியில் திரி ஏற்றி, கல்லில் படிந்த கரியை வழித்துப் பிள்ளையின் வயிற்றில் தடவிக்கொண்டு போவாள். எத்தனை தலைமுறையாக ஊற்றினார்களோ, எண்ணெயும் கரியும் இறுகி எழுத்தையே மூடியிருந்தன. நகரத்திலிருந்து வந்த அதிகாரி நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் போக வேண்டும், இனி ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் உனக்கு வேலையும் இல்லை வீடும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா வெந்நீரும் சீயக்காய்த் தூளும் தேங்காய் நாருமாக உட்கார்ந்துவிட்டார். பெற்ற பெண்ணான எனக்கு ஒரு தீபாவளிக்குக்கூட அவர் அப்படித் தலை தேய்த்துவிட்டதில்லை!

எங்களுக்குப் பால் ஊற்றியவள் சன்னம்மா. அந்தக் கன்னட ஊரில் அம்மாவோடு உட்கார்ந்து பேசிய ஒரே பெண்பிள்ளை; அம்மாவுக்குக் களி கிண்டும் பக்குவத்தை மாற்றிச் சொல்லிக்கொடுத்ததும், என் தம்பி ஏழுமலை பிறந்தபோது இடுப்பைப் பிடித்துவிட்டதும் அவள்தான். அவளுடைய கடைக்குட்டி சவலையாகிப்போய் அவள் எண்ணெயோடு வந்த அன்று அப்பா கல்லுக்கு முன்னால் குறுக்கே நின்றுகொண்டார். "பேடம்மா, வேணாம்மா, சர்க்கார் ஆர்டரு. ஊத்தக் கூடாது." அவள் முதலில் கெஞ்சினாள், பிறகு கத்தினாள். "நம்ம கல்லிகெ நின்ன அப்பணெ பேக்கா?" எங்கள் கல்லுக்கு உன் அனுமதி வேண்டுமா என்று அவள் கேட்டும் அப்பா கல்லை விட்டு நகரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதபடி அவள் போய்விட்டாள்.

அந்தப் பிள்ளை நல்லவேளையாகத் தானே தேறிவிட்டது. ஊர்தான் தேறவில்லை. அந்தச் சண்டைக்கு மறுநாளிலிருந்தே எங்களுக்குப் பால் நின்றது. மற்றவர்களும் ஊற்ற மாட்டோம் என்றார்கள். கிணற்றடிக்கு அம்மா போனால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அம்மாவுக்கோ பால் வற்றிப்போயிருந்தது. தம்பி இன்னும் நடக்கத் தொடங்காத பிள்ளை. அப்பா விடிந்ததும் வைட்ஃபீல்ட் வரை நடந்துபோய் வாங்கிவரும் பால், பாதி நாள் வெயிலில் வீடு வந்து சேர்வதற்குள் திரிந்துவிடும். "நீ அந்தக் கல்லக் கட்டிக்கினு அழு! நான் புள்ளைக்குப் பாலுக்கு எங்க போவேன்?" என்று அம்மா பாத்திரங்களைப் போட்டு உடைத்தாள். கஞ்சி கொடுத்தார்கள், பேதியானது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், ஒரு சிவப்பு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். தம்பி அழுவதைக்கூட நிறுத்திவிட்டான். அழாத பிள்ளையைப் பார்க்கிற பயம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

ஒரு மத்தியானம் அம்மா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கிண்ணத்தில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். திரியையும் தீப்பெட்டியையும் என் கையில் கொடுத்தாள். எங்களைக் கண்டதும் கொல்லையில் கதிர் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து, அரிவாளும் கையுமாக வந்து கல்லைச் சுற்றி நின்றார்கள். முன்னால் நின்றவள் சன்னம்மா. அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு விலகி வழிவிட்டாள். "ஊத்தம்மா, ஊத்து" என்றாள், தனக்குத் தெரிந்த தமிழில்.

அதற்குள் மண்டபத்திலிருந்து அப்பா வந்துவிட்டார். ஊர்ப் பெண்களைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், அம்மாவின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். "சன்னம்மா புள்ளைக்கு இல்லாதது எம்புள்ளைக்கும் இல்ல" என்றார். எண்ணெயை மண்ணில் கவிழ்த்தார். "அடப்பாவி" என்று அம்மா சொன்னது ஒரு முறைதான்.

அந்த வாரம் முடிவதற்குள் தம்பி போய்விட்டான். ஏரிக்கரைக்குக் கீழே, நொச்சிப் புதருக்குப் பக்கத்தில் அப்பாவே குழி வெட்டிப் புதைத்தார். மேலே ஒரு உருண்டைக் கல்லை வைத்தார்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு செம்புப் பால். சன்னம்மா வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதன்பிறகு ஊரில் அப்பாவுக்குத் தனி மரியாதை. நியாயஸ்தன் என்று கும்பிட்டார்கள், எண்ணெய் கொண்டுவருவதையும் விட்டுவிட்டார்கள். அம்மா அந்தப் பாலைக் காய்ச்சவும் இல்லை, கொட்டவும் இல்லை. திரிந்து நாறும்வரை அப்படியே வைத்திருந்தாள். கடைசிவரை அப்பாவோடு அவள் நேராகப் பேசவே இல்லை. "உங்கப்பன வந்து துன்னச் சொல்லு" என்று என்னிடம்தான் சொல்வாள், அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

எண்ணெய் ஊற்றியிருந்தால் அவன் பிழைத்திருப்பானா? மாட்டான். எனக்கும் நாலு எழுத்து தெரியும். அப்பா செய்தது நியாயம் என்பதும் தெரியும். ஆனாலும், கையில் இருந்த ஒன்றைச் செய்துபார்த்தேன் என்ற ஆறுதலையாவது ஒரு தாய்க்கு விட்டுவைத்திருக்கக் கூடாதா, அப்படி என்ன பெரிய நியாயம் என்று இந்த வயதிலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பற்றி எரிந்து அடங்கியதும், தேங்காய் நாரோடு குனிந்திருந்த அந்த மனிதரை நினைத்து அழுகையும் வருகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் காலத்தை ஓட்டியிருக்கிறேன்.

இப்போது பெங்களூரிலேயே, லிங்கராஜபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன வருஷம் மருமகனை நச்சரித்துக் காரில் அங்கே போனேன். கொல்லைகள் எல்லாம் கண்ணாடிக் கட்டடங்களாக நிற்கின்றன. சன்னம்மாவின் ஊர் இருந்த சுவடே இல்லை, ஏரி பாதிதான் மிச்சம். நடுகல் மட்டும் இரும்பு வேலிக்குள் பத்திரமாக இருக்கிறது. என்றைக்கோ யாருடைய மாட்டுக்காகவோ செத்தவனை எப்படிக் காப்பாற்றிவிட்டார்கள்! ஒரு சொட்டு எண்ணெய்க் கறை இல்லை.

நொச்சிப் புதர் இருந்த இடம் பக்கத்து அபார்ட்மெண்டின் மதிலுக்குள் போய்விட்டது. கேட்டில் நின்று எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் முழுக்க வரிசையாகக் கார்கள் நின்றன. நீலச் சட்டை போட்ட வடக்கத்திப் பையன் ஒருவன் நோட்டோடு ஓடிவந்து, யாரைப் பார்க்க வேண்டும் மேடம், ஃப்ளாட் நம்பர் என்ன என்று இந்தியில் கேட்டான். நான் நம்பருக்கு எங்கே போவேன்? நம்பர் இல்லாமல் உள்ளே விட முடியாது என்று அவன் தயவாகத்தான் சொன்னான். காவல்காரன் மகள் நான், அவனோடு என்னவென்று சண்டை போடுவது? திரும்பி வந்து காரில் ஏறிக்கொண்டேன்.