எதிரே உட்கார்ந்து கல் உடைத்தவர்

சத்தியமாக நடந்தது இது. என் அண்ணிக்கு நடந்தது. அண்ணிக்குக் கதை கட்ட வராது. சமையலில் உப்பு கூடிப்போனால்கூட, யாரும் வாய் திறப்பதற்கு முன்னால் தானே சொல்லிவிடுகிற ஆள். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

அண்ணிக்குத் தொல்பொருள் ஆய்வு வேலை. கடலை ஒட்டி செங்குத்தான ஒரு மண்மேடு. மூன்று மாடி உயரம் இருக்கும். அதன் அடியில் பல்லாயிரம் வருஷங்களுக்கு முன்னால் மனிதர்கள் உட்கார்ந்து கல்லை உடைத்துக் கோடரியும் கத்தியும் செய்திருக்கிறார்கள். இப்போது கடல் அந்த மேட்டை அரித்துத் தின்றுகொண்டிருந்தது. அடுத்த மழைக்காலத்தைத் தாண்டாது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அண்ணிக்கு ஒரே அவசரம். அலை இறங்கியிருக்கும் மூன்று மணி நேரம்தான் தோண்ட முடியும்.

அன்று மதியம் 3.40. கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. இடத்தை அளந்து வரைபடம் போடுகிற அளவுக்காரர் மேட்டின் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

“மேடம், மேல இருக்கிற விரிசல் நேத்தைவிட அகலமா தெரியுது. ஏறி வந்துடுங்க.”

“இந்த மூலை ஒண்ணுதான் பாக்கி. பத்து நிமிஷம்.”

“நேத்தும் இதே பத்து நிமிஷம்தான் சொன்னீங்க.”

முணுமுணுத்துக்கொண்டே கருவிகளை வண்டியில் ஏற்றப் போனார். அண்ணி குழிக்குள் முட்டி போட்டு, தூரிகையால் மண்ணை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

3.52.

டக்.

மேலிருந்து கல் விழுந்திருக்கும் என்று நினைத்தாள்.

டக்... டக்... சரக்.

விழுகிற கல்லுக்குத் தாளம் கிடையாது. இது யாரோ கல்லைத் திருப்பிப் பார்த்து, யோசித்து, அடிக்கிற சத்தம். எதிரே, இரண்டு கை தூரத்தில் கேட்டது. அங்கே ஆள் இல்லை.

“அளவுக்காரரே, விளையாடாதீங்க!”

சத்தம் நின்றது. தூரத்தில், மேலே, வண்டிக் கதவு சாத்தப்பட்டது. அவர் அங்கேதான் இருந்தார்.

குனிந்து பார்த்தாள். துடைத்து வைத்த தரையில் ஒரு கல் சில்லு. பழைய சில்லுகள் மங்கி, வெளுத்துப் போயிருக்கும். இது பளபளத்தது. எடுத்தாள். விரலை அறுத்தது. யாரோ கையில் வைத்திருந்ததுபோல வெதுவெதுப்பாக இருந்தது.

டக்.

அடுத்த சில்லு அவள் முட்டிமேல் விழுந்தது.

எழப் பார்த்தாள். கால் மரத்துப் போயிருந்தது.

4.01. சத்தம் வேகமெடுத்தது. டக். டக். டக்.

சட்டென்று நின்றது...

எதிரே ஒரு மூச்சு. திடுக்கிட்டு அண்ணாந்து பார்க்கும்போது இழுத்துப் பிடிப்போமே, அப்படி.

அண்ணியும் அண்ணாந்தாள்.

பனிதான்.

அவள் நெஞ்சில் ஒரு கை...

தள்ளியது.

ஓடினாள்.

4.03. மேடு மொத்தமாகச் சரிந்தது.

அளவுக்காரர் சுற்றி இறங்கி ஓடி வந்தபோது அண்ணி இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

“உள்ள ஒருத்தர் மாட்டிக்கிட்டார். தோண்டுங்க! சீக்கிரம்!”

“மேடம்... நாம ரெண்டு பேர்தானே வந்தோம்?”

அண்ணன் கேட்டுவிட்டு, “மண்கட்டி வந்து இடிச்சிருக்கும்” என்றான்.  அண்ணி பல நாள் சரியாகத் தூங்கவில்லை.

நான்கு மாதம் கழித்து, சரிந்த மண்ணைக் கடல் கரைத்துவிட்டிருந்தது. மறுபடி தோண்டினார்கள். அண்ணி முட்டி போட்டிருந்த இடத்துக்கு எதிரே, முழங்கால் ஆழத்தில், ஓர் எலும்புக்கூடு. உட்கார்ந்த நிலை. என்றைக்கோ நடந்த ஒரு மண்சரிவு அந்த ஆளை அப்படியே அமுக்கியிருந்தது. வலது கை முன்னால் நீண்டிருந்தது. விரல்கள் விரிந்து.

அந்தக் கைக்கு முன்னால், அதே ஆழத்தில் இறுகிப்போன களிமண்ணில், காலடிகள். ஒருவருடையவை. கடல் பக்கமாக ஓடியவை.

அந்தக் காலடிகளை அண்ணி ஒவ்வொன்றாக அளந்து அறிக்கையில் எழுதினாள். கையைப் பற்றி மட்டும் அளவுக்காரரை எழுதச் சொல்லிவிட்டாள்.