ரிப்போட் புத்தகத்துக்குள் போன மாநாட்டுப் படிவம்

எனக்குக் கோபம் வந்தால் குரல் ஆசுப்பத்திரி வாட்டின் கடைசிக் கட்டில் வரைக்கும் போகும். இதைக் கடைசிக் கட்டிலில் கிடந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கோபத்தை வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் கிளப்பிவிடும் கடதாசி ஒன்று இருந்தது. எங்கள் தாதியர் சங்கத்தின் வருடாந்த மாநாட்டு அறிவித்தல். கொழும்பிலிருந்து வரும். பொறுப்புச் சிஸ்டர் என்ற முறையில் நான் அதைப் பலகையில் குத்துவேன். எல்லாரும் நின்று பார்ப்பார்கள், ஒருவரும் போகமாட்டார்கள்.

“அங்க போய் என்ன சிஸ்டர்? எல்லாம் சிங்களமும் இங்கிலிசும். பேந்தப் பேந்த முழிச்சுப்போட்டு வாறதோ?”

“அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நாங்கள் போய் வாயைத் திறக்காட்டி, மன்னாரில நேர்ஸ்மார் இருக்கினம் எண்டு ஆருக்குத் தெரியும்?” என்று நான் கத்துவேன். அவர்கள் சிரித்துக்கொண்டு மருந்து வண்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்த வருடம் நான் சும்மா விடுவதாக இல்லை. காரணம் எங்கள் வாட்டிலேயே இருந்த ஒருத்தி. நறுவிலிக்குளத்துக்காரி, வயல் செய்கிற வீட்டுப் பெண். முழங்காலுக்கு மேல் கடல் தண்ணீர் பட்டிருக்காது. ஆனால் திருக்கை மீனின் முள் குத்திக்கொண்டு வருகிறவர்களை அவள் பார்க்கிற மாதிரி நான் வேறு ஒருவரிடமும் கண்டதில்லை. நான் பேசாலையில் பிறந்தவள். திருக்கை குத்தினால் ஆம்பிளைகள் மண்ணில் உருண்டு அழுவதைச் சின்ன வயதிலேயே கண்டவள். சப்பின புகையிலையை வைத்துக் கட்டிக்கொண்டுதான் அப்போதெல்லாம் ஆசுப்பத்திரிக்கு வருவார்கள்.

இவள் முதலில் அந்தக் கட்டை அவிழ்ப்பாள், கழுவுவாள், பிறகு ஒரு பேசினில் சுடுதண்ணீர் கொண்டுவருவாள். “குத்தின காலை வைக்காதேங்கோ அண்ணை. மற்றக் காலை வைச்சுப் பாத்துச் சொல்லுங்கோ, தாங்குமோ எண்டு” என்பாள். நோகிற காலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும் என்பது அவள் கணக்கு. நல்ல கால் தாங்கும் என்றால் மற்றதையும் வைப்பாள். கொஞ்ச நேரத்தில் அழுத மனிதர் தேத்தண்ணி கேட்பார். டொக்டர் வந்து முள்ளைப் பார்க்கும்போது அவர் சிரித்துக்கொண்டு இருப்பார்.

சுடுதண்ணீர் வைத்தியம் அவள் கண்டுபிடித்தது அல்ல, புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் எவ்வளவு நேரம், எந்தக் காயத்துக்கு ஆகாது, ஆர் திரும்பி வந்தார், ஏன் வந்தார் என்று ஆறு வருடமாக ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். மேலிடத்துப் பெரியவர் ஒருவர் வாட்டைப் பார்க்க வந்தபோது பேசினைப் பார்த்து, “இது என்ன ஆசுப்பத்திரியோ, கால் கழுவுற இடமோ?” என்று பகிடி விட்டுவிட்டுப் போனார். அன்றைக்குக் கொப்பியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினவள் அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை. குடத்துக்குள் விளக்கு என்றால்கூடப் பரவாயில்லை, இவள் விளக்கையே ஊதி அணைத்துவிட்டாள்.

அறிவித்தலோடு வந்த மாநாட்டுப் படிவத்தில், வருகிறவர்கள் கையெழுத்து வைக்கும் கோடுகளில் முதலாவதில் நான் வைத்தேன். கடைசியில் ஒரு கட்டம் இருந்தது: உரை நிகழ்த்த விரும்புபவர். அதில் திருக்கைக் காயம் என்று நானே எழுதி, அவள் கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னப் புள்ளடி ஒன்றும் போட்டேன். மத்தியானம் ஆறுதலாகப் பேசி வைப்பிக்கலாம் என்று ரிப்போட் புத்தகத்துக்குள் செருகினேன். அந்த நேரம் பார்த்து ஒரு விபத்துக் கேஸ் வந்தது. அடுத்த நாள் எனக்குப் பங்குக் கோயில் திருநாள் லீவு. படிவத்தைச் சுத்தமாக மறந்துபோனேன்.

ரிப்போட் புத்தகம் என்பது எங்களுக்கு வேதப் புத்தகத்துக்கு அடுத்தது. டியூட்டி முடித்துப் போகிறவர், வருகிறவருக்குக் கட்டில் கட்டிலாக நோயாளிகளின் நிலையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கொடுத்தவரும் கையெழுத்து, எடுத்தவரும் கையெழுத்து. களைத்த கை, புத்தகத்துக்குள் எந்தக் கடதாசி இருந்தாலும் கையெழுத்து வைத்துவிடும். லீவு முடிந்து வந்து பார்த்தால் படிவத்தைக் காணவில்லை. வழமைபோலக் கந்தோர்க் கடதாசி என்று அலுவலகக் கிளாக்கர் எடுத்து அனுப்பிவிட்டார். கொழும்பிலிருந்து பதில் வந்தது. பதினொரு பேர் வருவது மகிழ்ச்சியாம். நறுவிலிக்குளத்துக்காரியின் உரை இரண்டாம் நாள் காலையாம். என்னைத் தவிரப் பத்துப் பேர் ரிப்போட் என்று நினைத்து அதில் கையெழுத்து வைத்திருக்கிறார்கள்.

சத்தியமாக நான் திட்டம் போடவில்லை. போட்டிருந்தால் இவ்வளவு அழகாக வந்திராது.

வாட்டே கொந்தளித்தது. அவள் கண் சிவக்க வந்து நின்றாள். “சிஸ்டர், என்ர கையெழுத்தை அடிச்சுவிடச் சொல்லி எழுதுங்கோ.”

“நீர் புத்தகத்தில வைச்ச கையெழுத்தை எப்பவாவது அடிச்சிருக்கிறீரோ?”

“இல்லை.”

“அப்ப இதையும் அடிக்கேலாது.”

வாசிக்காமல் வைத்தது அவள் பிழை, அங்கே செருகினது என் பிழை. அதையும் ஒப்புக்கொண்டேன். ஆனால் விடவில்லை. பதினொரு பேரும் போனால் வாட்டை ஆர் பார்ப்பது என்று எங்கள் தலைமைத் தாதியான மேற்றன் கேட்டதும் நியாயம். அதற்கும் எங்களிடம் வழி இருந்தது. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு நாங்கள் பூசைக்குப் போக நானாட்டான் பக்கத்துச் சைவப் பிள்ளைகள் எங்கள் டியூட்டியைச் செய்வார்கள். பொங்கலுக்கு நாங்கள் அவர்களுடையதைச் செய்வோம். “இதையும் ஒரு பெருநாளாய் எடுங்கோ. எங்கள் எல்லாருக்கும் ஒரே பெருநாள்” என்றேன். ஐந்து பேர் தாங்களாகவே டியூட்டிக்கு நின்றார்கள். ஆறு பேர் பஸ் ஏறினோம். அவள் மடியில் அந்தக் கொப்பி இருந்தது, முகத்தில் ஈயாடவில்லை.

மண்டபம் நிறைய வெள்ளைச் சேலைகள். அவளைக் கூப்பிட்டார்கள். சிங்களத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண் பக்கத்தில் நின்றாள். இவள் இங்கிலிசில் எழுதிக்கொண்டு போன தாளை விரித்தாள். “குட் மோர்னிங்” என்றாள். அவ்வளவுதான். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது மூன்றாவது வரிசையில் இருந்த எனக்குத் தெரிந்தது. பின்னால் யாரோ இருமினார்கள். தலைமை தாங்கியவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அந்தோனியாரே, நான்தானே இந்தப் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்தேன் என்று எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

கோபம் வந்தால் என் வாய் சும்மா இராது. தினமும் காலை ஏழு மணிக்கு ரிப்போட் கேட்கிற அதே குரலில், அதே அதட்டலில் கேட்டேன்:

“முதலாம் கட்டில்?”

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவள் தாளைக் கீழே வைத்தாள்.

“முதலாம் கட்டில், நாற்பது வயது, பேசாலை. வலது குதிக்காலில திருக்கை முள். வரேக்க நோ தாங்கேலாமல் கத்தினவர். மற்றக் காலால சூடு பாத்து, சுடுதண்ணியில வைச்சது. அரை மணித்தியாலத்தில நோ குறைஞ்சிட்டுது. முள்ளுத் துண்டு உள்ள இருந்தது, டொக்டர் எடுத்தவர். ரெண்டாம் கட்டில்...”

நிறுத்தவே இல்லை. கட்டில் கட்டிலாகப் போனாள். எங்கே தான் பிழைவிட்டாள், எந்தக் காயத்தில் சுடுதண்ணீரை நம்பி இருக்கக்கூடாது என்பதையும் மறைக்கவில்லை. மொழிபெயர்த்த பெண் மூச்சு வாங்கினாள். ஆனால் அந்த மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் ரிப்போட் கேட்கத் தெரியும். முன்வரிசையில் ஒருவர் பேனையை எடுத்தார், பிறகு வரிசை வரிசையாக எடுத்தார்கள். முடித்தபோது எழும்பின கைதட்டலில் நான் அழுதுவிட்டேன். வெட்கம் ஒன்றும் இல்லை, நன்றாகவே அழுதேன்.

தேநீர் இடைவேளையில் அவளைச் சுற்றிக் கூட்டம். தென்கரையிலிருந்து வந்த ஒரு சிங்கள சிஸ்டர், தங்கள் ஊரிலும் திருக்கைக் குத்துக்காரர் வருவதாகவும், மற்றக் காலை முதலில் வைக்கும் யோசனையை எடுத்துப் போவதாகவும் மொழிபெயர்த்தவளைக் கொண்டு சொன்னார். இவள் கொப்பியின் கடைசிப் பக்கத்தை விரித்து, பேனையை நீட்டி, கோடு ஒன்றைக் காட்டினாள். அந்த சிஸ்டருக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. பொறுப்பை எடுத்தவர் கையெழுத்து வைக்க வேண்டும். மொழிபெயர்த்தவளைப் பக்கத்தில் வைத்துப் பக்கம் பக்கமாகக் கேட்டு விளங்கிக்கொண்டுதான் வைத்தார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றது.

திரும்பி வந்து அடுத்த நாள் அவள் அலுமாரியில் புதுக் கொப்பி ஒன்று வைத்தாள், பூட்டவில்லை. பிறகு என்னிடம் வந்தாள்.

“சிஸ்டர், அடுத்த வருசப் படிவத்தைப் புத்தகத்துக்குள்ள வைக்காதேங்கோ.”

“ஏன், வரமாட்டீரோ?”

“என்ர கையில தாங்கோ. முதல் பெயர் நான் எழுதுறன்.”