வேணுகோபால் எழுதிய பெர்ல் புரோகிராம்

நம்பாதவர்கள் சத்யபிரியாவிடமே கேட்டுக்கொள்ளலாம். கோவில்பட்டியில்தான் இருக்கிறாள். ஆனால் கரண்ட் இல்லாத நேரத்தில் கேட்காதீர்கள். எழுந்து போய்விடுவாள்.

2008-ல் நடந்தது இது. தீப்பெட்டிக் கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கும் செல்லத்துரையின் ஆபீசில் அவள் வேலை பார்த்தாள். வெளியூர் ஆர்டர்களை வாங்கும் புரோகிராமை, பக்கத்து மேசை வேணுகோபால் பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியிருந்தார். அவளைத் ‘தாயி’ என்றுதான் கூப்பிடுவார். இருவருக்கும் ஓயாத சண்டை.

“பெர்ல் எல்லாம் பழசாகிப் போச்சு அண்ணாச்சி. ஊரே பி.எச்.பி.க்குப் போயாச்சு.”

“ஓடுதுல்லா? ஓடுதத எதுக்குத் தாயி கொல்லணும்?”

பிறகு அவர் திருநெல்வேலியில் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவள் எல்லாவற்றையும் பி.எச்.பி.யில் புதிதாக எழுதி முடித்தாள். பழையதை எடுத்துவிட வேண்டியதுதான் பாக்கி.

ஒரு நாள் காலையில் செல்லத்துரைக்கு ஒரு போன் வந்தது. ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் ஆபீசில் அவள் மட்டும்தான். மூலையில் அது ஓடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, பெர்ல் புரோகிராமை அழித்தாள்.

தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால்... அது அங்கேயே இருந்தது.

வெளியிலிருந்து யாராவது விளையாடுகிறார்களோ? இன்டர்நெட் வயரைப் பிடுங்கினாள். மறுபடி அழித்தாள். போய்விட்டது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவள் எதையும் தொடவில்லை. புரோகிராமின் பெயர் ஸ்க்ரீனில் திரும்ப வந்தது.

திறந்து பார்த்தாள். கடைசியில் புதிதாக ஒரு வரி. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

‘கொஞ்சம் பொறு தாயி.’

அதே நேரம் போன் அடித்தது. செல்லத்துரை.

“சத்யா... நம்ம வேணு கயத்தாறு பக்கம் வண்டில அடிபட்டுட்டான். திருநெல்வேலி ஆஸ்பத்திரில இருக்கோம்.”

“வேணு அண்ணாச்சியா...”

“ரெண்டு தடவ மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. இப்பத்தான்... கொஞ்சம் முந்தி. மவள ஓட்டப்பிடாரத்துல இருந்து கூட்டிட்டு வாராங்க. அது வார வரைக்குமாவது...”

ரெண்டு தடவை.

கைகளை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். இனி அதைத் தொடவே மாட்டேன். ஓடட்டும்.

அப்போது தலைக்கு மேல் ஃபேன் நின்றது.

கரண்ட் போய்விட்டது.

பீப்... பீப்... மேசைக்கு அடியில் யுபிஎஸ் கத்தியது. எப்போதும் பத்து நிமிஷம் தாங்கும். அதற்கு மேல் தாங்கியதே இல்லை.

கீழே ஓடினாள். ஜெராக்ஸ் கடையில் ஜெனரேட்டர் உண்டு. கடை பூட்டியிருந்தது. தெருவில் ஒரு ஆள் இல்லை. வெயில் மட்டும்.

மேலே ஓடி வந்தாள். ஸ்க்ரீன் எரிந்துகொண்டிருந்தது.

பத்து நிமிஷம் போனது. அணையவில்லை. அரை மணி ஆனது. அப்போதும் அணையவில்லை.

பீப்... சத்தம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. இழுத்து இழுத்து... யாரோ மூச்சு விடச் சிரமப்படுவது போல.

“அண்ணாச்சி... இன்னும் கொஞ்சம்... மவ வந்துரும்...”

அவளால் வேறென்ன செய்ய முடியும்?

பீப்...

...

பீப்...

அணைந்தது.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

“பிள்ள வந்துருச்சு சத்யா. வந்து கையப் பிடிச்சுது. கண்ணத் தொறந்து பாத்தான். அவ்ளோதான்...”

காரியங்கள் எல்லாம் முடிந்து செல்லத்துரை ஆபீசுக்கு வந்த அன்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பெர்ல் பற்றிச் சொன்னபோது தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தவர், யுபிஎஸ் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்தார்.

“எந்த யுபிஎஸ்?”

காட்டினாள். அவர் குனிந்து அதை வெளியே இழுத்தார். ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே தூசியும், எதிலும் சேராத இரண்டு வயர்களும்தான் இருந்தன.

“பேட்டரிய போன வாரமே கழத்தி மாத்தக் குடுத்தாச்சே சத்யா. உங்கிட்டச் சொல்ல மறந்துட்டேன்...”