பின் அக்காவின் நாலு ஃபைல்

எங்கள் ஆபீஸில் அவருக்குப் 'பின் அக்கா' என்று பெயர். வைத்தவன் நான்தான், அதனால் அதில் மரியாதை கொஞ்சம் குறைச்சல்.

லிப்டில் மாடி எண் காட்டுகிற திரைகளைச் செய்யும் கம்பெனி எங்களுடையது. திரைக்குள் ஒரு போர்டு, போர்டில் ஒரு சிப், சிப்பைச் சுற்றி ஏகப்பட்ட கால்கள். அவற்றைத்தான் பின் என்போம். ஒரே கால் விளக்கையும் எரிய வைக்கும், செய்தியையும் கடத்தும். எதைச் செய்ய வேண்டும் என்று மின்சாரம் வந்ததும் யாராவது அதற்குச் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்கிற முதல் நிரல்தான் பூட்லோடர். அதை எழுதுவது அக்கா. போர்டில் ஏற்றி, உயிர் வருகிறதா என்று பார்ப்பது நான்.

இதில் என்ன கஷ்டம் என்பீர்கள். சிப் ஒன்றல்ல, நாலு. ஒரே குடும்பத்தில் பெரியது, நடுத்தரம், சிறியது, மலிவு. ஒவ்வொன்றும் வந்தபோது யாரோ ஒரு புண்ணியவான் பூட்லோடர் எழுதிய பழைய ஃபைலை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிவிட்டுப் போயிருக்கிறான். ஈயடிச்சான் காப்பி. ஒரு காலின் வேலையைத் திருத்தினால் நாலு இடத்தில் திருத்த வேண்டும். மூன்றில் திருத்திவிட்டு நாலாவதை மறப்பது எங்கள் கம்பெனியின் பரம்பரைத் தொழில். எங்கே எது விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அக்கா.

அதனாலேயே அவரை விடவில்லை. கணவருக்கு வேறு ஊரில் வேலை. அங்கேயும் எங்களுக்குக் கிளை உண்டு. மகளை எந்த ஊர்ப் பள்ளியில் சேர்ப்பது என்று கணவர் போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா மாற்றல் கேட்டால் மேலாளர், "நீங்க போய்ட்டா இத யாரும்மா பாக்கறது?" என்பார்.

ஒருநாள் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "நாலையும் ஒரே ஃபைலா ஆக்கிட்டா அனுப்புவீங்களா சார்?"

"தாராளமா போங்க" என்றார் மேலாளர். நடக்காது என்கிற தைரியம்.

பொதுவானது ஒரு இடத்தில், வித்தியாசம் மட்டும் தனியாக. கேட்க எளிது. தொட்டதும் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. ஒரு காலுக்கு மலிவுச் சிப்பில் மட்டும் வேறு எண். பிழையா, வேண்டுமென்றே வைத்ததா? பக்கத்தில் 'இதைத் தொடாதே' என்று ஒரு குறிப்பு. பார்த்துப் பயந்திருக்கலாம். ஆனால் காப்பியடித்த மகராசன்கள் அந்தக் குறிப்பையும் எல்லா ஃபைலிலும், எல்லா வரியிலும் ஒட்டி வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் தொடக்கூடாது என்றால் எதைத்தான் தொடுவது?

பிழைதான் என்று முடிவு செய்து அக்கா திருத்தினார். நான் ஏற்றினேன். போர்டு செத்துக் கிடந்தது.

"பவர் குடுத்தியாடா?"

"குடுத்தாச்சுக்கா. மூச்சே இல்ல."

"கேபிள மாத்திப் பாரு."

"மாத்தியாச்சு. வேற போர்டும் வச்சுப் பாத்தாச்சு. எல்லாம் உங்க கைங்கரியம்தான்."

அக்கா சிப்பின் வரைபடத்தைத் திறந்து உட்கார்ந்தார். மலிவுச் சிப்பில் கால்கள் குறைவு, அதனால் ஒரு வேலை பக்கத்துக் காலுக்கு மாறியிருந்தது. அத்தனை 'தொடாதே'யில் அந்த ஒன்றுதான் உண்மை. மற்றதெல்லாம் வெறும் கூச்சல். முகம் தெரியாத அத்தனை பேரையும் அக்கா வாய்விட்டுத் திட்டினார். பிறகு கூச்சலையெல்லாம் அழித்துவிட்டு, அந்த ஒன்றுக்கு மட்டும் காரணத்தையும் எழுதி வைத்தார். நாலு போர்டும் எழுந்தன.

மேலாளர் வந்து பார்த்தார். "பிரமாதம்மா. ஆனா இப்ப எல்லாம் ஒரே ஃபைல். இதுல ஒண்ணு தப்பாப் போனா நாலும் படுத்துடும். இந்த நேரத்துல நீங்க எப்படிம்மா..."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலாக இருந்தால் நாலு என்று போகக்கூடாது, ஒன்றானால் ஒன்று என்று போகக்கூடாது. இது என்ன நியாயம்?

"நான் பாத்துக்கறேன் சார். இப்ப எனக்கே படிச்சா புரியுது" என்றேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது சொன்ன பிறகுதான் உறைத்தது.

மேலாளர் தாடையைத் தடவி யோசித்தார். அக்கா யோசிக்கவில்லை. நின்ற இடத்திலேயே கணவருக்குப் போன் போட்டார்.

"ஏங்க, பாப்பாவுக்கு அங்கயே ஸ்கூல்ல இடம் சொல்லிடுங்க. நாங்க வந்துடறோம்."

மேலாளர் அப்போதும் சரி என்று சொல்லியிருக்கவில்லை.